முதலில் காகிதம், பிறகுதான் பிலிம்

4×5 அங்குல ஷீட் பிலிம் போடும் கேமரா கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது “எந்த பிலிம் வாங்கலாம்?” என்றுதான். எந்தக் காகிதத்தில் படம் போடப் போகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சுவரில் தொங்கப் போவது காகிதம்தான். அது எவ்வளவு காண்ட்ராஸ்ட் உள்ள நெகட்டிவைத் தாங்கும் என்று தெரியாமல், பிலிமை எத்தனை நிமிஷம் டெவலப் செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. மொரீஷியஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஷீட் பிலிமும் பெரிய காகிதமும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். தப்பான பெட்டி வந்து சேர்ந்தால் அதையே வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்ட வேண்டியதுதான்.

என்லார்ஜரில் பெரிதாக்கப் போகிறீர்களா, நெகட்டிவைக் காகிதத்தின் மேலேயே வைத்துக் காண்டாக்ட் போடப் போகிறீர்களா? முதல் முடிவு இது. 8×10 நெகட்டிவ் என்றால் காண்டாக்ட் பிரிண்டே போதும். அதற்கென்றே அடாக்ஸ் லுபெக்ஸ் என்ற சில்வர் குளோரைடு காகிதம் இருக்கிறது. இதே வகையில் பேர்போன கோடக் அஸோ, 2005இல் கோடக் கறுப்பு-வெள்ளைக் காகிதத்தையே நிறுத்தியபோது போய்விட்டது. லுபெக்ஸ் ரொம்ப மந்தமான காகிதம். என்லார்ஜர் வெளிச்சம் அதற்குப் பற்றாது, சாதாரண பல்பைத் தொங்கவிட்டுத்தான் வெளிச்சம் காட்ட வேண்டும். நெகட்டிவும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக, நீண்ட நேரம் டெவலப் ஆனதாக இருக்க வேண்டும். என்லார்ஜருக்காகச் செய்த நெகட்டிவை அதில் போட்டால் படம் சோகை பிடித்த மாதிரி வெளிறி வரும்.

காண்டாக்டில் நம் ஊர் ஈரம் ஒரு தொல்லை. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் நாட்களில் பிலிமின் வழவழப்பான முதுகு பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, எண்ணெய் சிந்தியது போல நியூட்டன் வளையங்களைப் படத்தில் பதித்துவிடும். முதுகுப் பக்கம் ஆண்டி-நியூட்டன் கண்ணாடி போடுங்கள், இருட்டறையில் இரண்டு மணி நேரம் முன்பே ஈர உறிஞ்சியை ஓடவிடுங்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதில் பயன் கிடையாது, அது அழுக்கே இல்லை.

என்லார்ஜர் என்றால் அதன் விளக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெளிச்சத்தைப் பரப்பிவிடும் டிஃப்யூஷன் தலைக்கு, கிரேடு 2இல் (கிரேடு என்பது காகிதத்தின் காண்ட்ராஸ்ட் எண்) அச்சாக, நெகட்டிவின் அடர்த்தி வீச்சு, அதாவது அதன் மிக வெளிறிய இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம், 1.1 அளவில் இருந்தால் நன்றாக இருக்கும். லென்ஸால் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சர் தலைக்கு அதே நெகட்டிவ் ஏறக்குறைய ஒரு கிரேடு கடினமாகத் தெரியும், அதனால் டெவலப் நேரத்தைக் குறைக்க வேண்டும். இன்னொருவர் சொன்ன டெவலப் நேரம் நமக்கு ஒத்துவராமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். 4×5க்கு, நெகட்டிவைப் பிடித்து வைக்கும் சட்டமான கேரியரில் கண்ணாடி உள்ளதையே பயன்படுத்துங்கள். கண்ணாடி இல்லாத கேரியரில் விளக்குச் சூட்டில் பிலிம் நடுவில் உப்பி, ஃபோகஸ் பார்த்த பத்தாவது விநாடியில் நடுப்பகுதி மங்கிவிடும்.

காகிதத்தில் ஆர்சி, ஃபைபர் என்று இரண்டு சாதி. ஆர்சி பிளாஸ்டிக் பூசியது, ஃபைபர் பூச்சில்லாத நார்க் காகிதம். ஒரு நிமிஷத்தில் டெவலப் ஆகும், இரண்டு நிமிஷம் கழுவினால் போதும். மாதிரிப் படங்களுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குப் போவது ஃபைபரில் இருக்கட்டும். இல்ஃபோர்டு மல்டிகிரேடு எஃப்பி கிளாசிக் நடுநிலைத் தொனி உள்ளது, படத்தின் தொனியை மாற்றும் செலினியம் டோனருக்கும் ஒழுங்காக மசியும். வார்ம்டோன் பழுப்புச் சாயல் காட்டும். வேகம் கிளாசிக்கைவிடக் குறைவு, எக்ஸ்போஷர் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வரும். ஃபோமாடோன் எம்ஜி இன்னும் சூடான தொனி. பழைய வீட்டு மரச் சன்னல், முகம், கோயில் தூண் இவற்றுக்கு வார்ம்டோன் பொருந்தும். கடலுக்கும் கறுங்கல்லுக்கும் கிளாசிக்தான்.

மேற்பரப்பு விஷயத்தில் தயங்கவே வேண்டாம், கிளாசி ஃபைபரை வாங்கிக் காற்றில் உலரவிடுங்கள். கண்ணாடி மாதிரிப் பளபளக்காது, மெல்லிய மினுமினுப்பு மட்டும் இருக்கும். கிளாசியில் கறுப்பின் அடர்த்தி 2.1ஐத் தொடும். மேட் காகிதத்தில் 1.6 பக்கத்திலேயே நின்றுவிடும். கரும்புத் தோட்டத்து நடுவே குவித்துக் கிடக்கும் எரிமலைக் கல் மேடுகளை மேட் காகிதத்தில் அச்சடித்தால் சிமெண்டு மூட்டை போல இருக்கும்.

சரி, பிலிம். நம் தீவில் பிலிமின் வேக எண்ணான ஐஎஸ்ஓவைத் தீர்மானிப்பது காற்று. தென்கிழக்குக் காற்று கரும்புத் தோகையை ஓயவிடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இல்ஃபோர்டின் எஃப்பி4 பிளஸ் பிலிம் பெட்டியில் 125 என்று இருந்தாலும் நிழலில் விவரம் வேண்டுமானால் 64இல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நல்ல வெயிலில் எஃப் 16க்கு 1/60 விநாடி. முன்னாலிருக்கும் தோகையும் பின்னாலிருக்கும் மலையும் தெளிவாக வர எஃப் 32க்கு இறங்கினால் 1/15. மஞ்சள் ஃபில்டர் போட்டால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், போய் 1/8. அந்த வேகத்தில் தோகை பஞ்சு மிட்டாய்தான். அதைவிட வேகமான எச்பி5 பிளஸ் பிலிமை 200இல் வைத்தால் அதே இடத்தில் 1/25 கிடைக்கும், காற்று ஒரு மூச்சு ஓயும்போது அழுத்தினால் தப்பிக்கலாம். கிரெய்ன் பற்றிய பயம் 35 மில்லிமீட்டரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. 4×5இலிருந்து 16×20 வெறும் நாலு மடங்கு. அந்த அளவில் எச்பி5இன் கிரெய்னைத் தேட மூக்கைக் காகிதத்தில் வைக்க வேண்டும்.

அதனால் ஒரே ஒரு பிலிம் என்றால் எச்பி5. எஃப்பி4ஐக் கட்டடம், பாறை போன்ற அசையாதவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். டி-மேக்ஸ் 400 அருமையான பிலிம். ஆனால் டெவலப்பரின் சூட்டிலும் நேரத்திலும் சின்ன மாற்றம் வந்தாலும் காண்ட்ராஸ்ட் துள்ளிவிடும். அரை டிகிரிக்குள் பிடித்து வைக்க வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஃபோமாபான் 100 விலையில் சல்லிசு, ஆனால் நீண்ட எக்ஸ்போஷரில் கையை விரித்துவிடும். கோயில் உள்மண்டபத்தில் மீட்டர் 10 விநாடி என்றால் ஃபோமாவுக்கு 80 விநாடி கொடுக்க வேண்டும். எஃப்பி4க்கு 18, எச்பி5க்கு 20 போதும். இல்ஃபோர்டு கணக்குப்படி, மீட்டர் காட்டும் விநாடியை எஃப்பி4க்கு 1.26ஆம் அடுக்குக்கும் எச்பி5க்கு 1.31ஆம் அடுக்குக்கும் உயர்த்தினால் சரியான நேரம் வரும். ஃபோமாவின் ஈரமான ஜெலட்டின் மென்மையானது, நம் வெயில் காலத் தண்ணீரில் நகம் பட்டாலே கீறிவிடும்.

ஆர்த்தோ பிலிமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் பகல் வெளிச்சத்தில் 80, சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. காவடி எடுத்து வந்தவரை நிழலில் நிறுத்தி முகப்படம் எடுத்துப் பாருங்கள். எல்லா நிறத்தையும் பார்க்கும் சாதாரண பான்குரோமாட்டிக் பிலிமில் நெற்றிக் குங்குமம் தோல் நிறத்தோடு கலந்து மங்கலாக வரும், சிவப்பு ஃபில்டர் போட்டால் மறைந்தே போகும். ஆர்த்தோவில் அதே குங்குமம் அட்டக் கறுப்பு. தோலும் ஒரு படி கறுத்து, மேலே விபூதி வெள்ளையாகத் துலங்கும். மஞ்சள் வேட்டியும் வெளுத்துப் போகாமல் சாம்பல் நிறத்தில் மடிப்போடு நிற்கும். ஆனால் டிசம்பரில் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் ஃப்ளாம்பாயான் மரத்தை எடுத்தால் பூவெல்லாம் கறுப்பாகும், வானம் வெள்ளைத்தாள் ஆகும். இன்னொரு வசதி, அடர் சிவப்பு விளக்கில் டிரேயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப் செய்யலாம்.

புத்தகங்களில் இருக்கும் 20 டிகிரி நமக்கு எதிரி. வெயில் காலத்தில் கரையோர ஊர்களில் குழாய்த் தண்ணீரே 27, 28க்கு வந்துவிடும். கியூர்பிப் மேட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். 20க்கு இறக்கப் போராடுவதைவிட 24ஐ நிலையாக வைத்துக்கொள்வது மேல். எச்பி5க்கு ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்த கலவையில் 20 டிகிரியில் 13 நிமிஷம், 24இல் ஏறக்குறைய 9. கலக்காத டெவலப்பரில் நேரம் 5 நிமிஷத்தை ஒட்டி இறங்கி வானத்தில் திட்டுத் திட்டாக வரக்கூடும், அதனால் கலவையையே பிடித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் கறுங்கல்லும் வெண்மணலும் சேர்ந்த காட்சி என்றால் நேரத்தில் 15 முதல் 20 சதவீதம் குறையுங்கள். ஐஸைப் பையில் கட்டித்தான் டிரேக்குள் இறக்க வேண்டும். டெவலப்பர், டெவலப்பை நிறுத்தும் ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் மூன்றும் ஒரே சூட்டில் இருக்கட்டும். 20இலிருந்து நேராக 28 டிகிரித் தண்ணீருக்குத் தூக்கிப் போட்டால் ஜெலட்டின் சுருங்கி வெடித்த களிமண் மாதிரி ஆகும் ஆபத்து உண்டு.

காகிதத்தையும் பிலிமையும் ஒன்றோடொன்று பொருத்தும் சோதனைக்கு ஒரு மாலை போதும். எக்ஸ்போஸ் செய்யாத ஒரு ஷீட்டை முழுதாக டெவலப் செய்து உலர்த்துங்கள். அதைக் கேரியரில் பாதிச் சட்டத்தை மட்டும் மறைக்கும்படி வையுங்கள். லென்ஸ் எஃப் 11, கிரேடு 2க்கான காண்ட்ராஸ்ட் ஃபில்டர். காகிதத்தில் மூன்று மூன்று விநாடியாக 36 வரை பட்டைகள் போடுங்கள். உலர்ந்த பிறகு, பிலிம் இருந்த பக்கத்தில் எந்தப் பட்டைக்கு மேல் கறுப்பு கூடவில்லையோ அதுதான் உங்கள் அடிப்படை நேரம். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிறகு நிஜக் காட்சியின் நெகட்டிவை, அதே உயரம், அதே நேரத்தில் அச்சடியுங்கள். நிழல் மொத்தமாக அடைத்திருந்தால் பிலிமின் ஐஎஸ்ஓவைக் குறைத்து வையுங்கள். மேகம் சுண்ணாம்பாக வந்தால் டெவலப் நேரம் அதிகம், அழுக்குச் சாம்பலாக வந்தால் குறைவு. கிரேடு 4க்கோ அதற்கு மேலோ போனால் இல்ஃபோர்டு ஃபில்டர்களுக்கு நேரம் இரட்டிப்பாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காகிதத்தைக் கெடுக்காத இருட்டறை விளக்கான சேஃப்லைட்டையும் அன்றே சோதித்துவிடலாம். வெறும் காகிதத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துச் சோதிப்பது ஏமாற்றும். முதலில் என்லார்ஜர் வெளிச்சத்தில் காகிதம் மெல்லிய சாம்பலாகும் அளவுக்கு எக்ஸ்போஸ் செய்துவிட்டு, பிறகு நாணயத்தை வைத்து சேஃப்லைட்டில் 5 நிமிஷம் விடுங்கள். டெவலப் செய்ததும் வட்டம் தெரிந்தால் விளக்கு பாதுகாப்பானதல்ல.

ஆர்டர் போடும்போது பிலிம் பெட்டியின் மேல் ‘வெளிச்சத்தில் திறக்காதே’ என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக ஒட்டச் சொல்லுங்கள். சுங்கத்தில் ஒருமுறை திறந்தால் 25 ஷீட்டும் குப்பைதான். விமானப் பயணத்தில் கையில் எடுத்து வந்தால் ஸ்கேனரில் போடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், 400 பிலிம் என்றால் கட்டாயம். வீட்டில் பிரிட்ஜில், காற்றுப் புகாத பையில். வெளியே எடுத்ததும் இரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது, உறைபெட்டியில் இருந்தால் ஓர் இரவு. அவசரப்பட்டுத் திறந்தால் ஷீட் முழுக்க வியர்த்துவிடும். கேமராவில் செருகும் ஹோல்டரில் இருட்டில் ஏற்றும்போது, ஷீட்டைச் செங்குத்தாகப் பிடித்து, விளிம்பில் உள்ள வெட்டுக்குறி மேல் விளிம்பில் வலது மூலைப் பக்கம் விரலில் பட்டால், வெளிச்சம் பதியும் எமல்ஷன் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கிறது.

தண்ணீர் தட்டுப்படும் மாதங்களில் ஃபைபரைக் கழுவுவதுதான் பெரிய செலவு. ஒன்றுக்கு நான்கு ராபிட் ஃபிக்ஸரில் ஒரே நிமிஷம், 5 நிமிஷம் கழுவல், ஃபிக்ஸரை விரைவாக வெளியேற்றும் வாஷ்-எய்டு கரைசலில் 10 நிமிஷம், மறுபடி 5 நிமிஷம். இந்த வரிசையில் ஒரு மணி நேரக் கழுவல் மிச்சம். ஃபிக்ஸரில் கூடுதலாக ஊறவிட்டால் ரசாயனம் நாருக்குள் புகுந்துகொள்ளும், இந்தக் கணக்கு செல்லாது.

உலர்ந்ததும் ஃபைபர் படம் ஒரு சாயல் கறுக்கும். கிளாசிக்கில் எட்டு சதவீதம் எக்ஸ்போஷரைக் குறைத்துத் தொடங்கி, உங்கள் கண்ணுக்குச் சரிப்படுத்திக்கொள்ளுங்கள். வலைத்தட்டில் முகம் கீழாக வையுங்கள். மழை நாட்களில் இரண்டு நாள்கூட ஆகும். முழுதாக உலர்ந்துவிட்டது என்று நம்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மறுநாள் முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும், பிரித்தால் எமல்ஷன் உரிந்து வரும். நடுவில் அமிலமில்லாத தாளை வைத்துத்தான் அடுக்க வேண்டும்.