மலைக் கோல்ஃப் கோர்ஸில் முதல் ஹேண்டிகேப்: கார்டு கொடுப்பதில் கவனிக்க வேண்டியவை

புதிதாக கோல்ஃப் ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "சராசரியா 100 அடிக்கிறேன், என் ஹேண்டிகேப் 28 தானே?" என்று (கோர்ஸின் பார், அதாவது திறமையானவர் எடுக்க வேண்டிய அடிகள், 72 என்று வைத்துக் கழித்து). இல்லை. ஹேண்டிகேப் என்பது உங்களுக்குச் சலுகையாகக் கிடைக்கும் ஸ்ட்ரோக்குகளுக்கு (அடிகளுக்கு) அடிப்படையான எண்; சராசரியைச் சொல்லும் எண் அல்ல. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 மட்டுமே கணக்கில் சேரும். நன்றாக ஆடும் நாளில் எவ்வளவு அடிப்பீர்கள் என்பதற்கான அளவு அது. அதனால்தான் நேர்மையாக வாங்கிய ஹேண்டிகேப்பை எட்டுவது நாலைந்து ஆட்டத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். மற்ற நாட்களில் அதைவிட மூன்று, நான்கு கூடுவதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.

2020 முதல் நடைமுறையில் உள்ள உலக ஹேண்டிகேப் முறைப்படி தொடங்குவதற்கு 54 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழிகள்) ஆடிய ஸ்கோர் போதும்: மூன்று பதினெட்டு ஹோல் ஆட்டமோ, ஆறு ஒன்பது ஹோல் ஆட்டமோ, இரண்டும் கலந்தோ. ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் என்று நம் மலைகளில் எங்கே ஆடினாலும், ஸ்கோர் கார்டைப் பதிய நீங்கள் உறுப்பினராக உள்ள கிளப் ஒன்று வேண்டும். ஆடுமுன்பே, "இன்னைக்கு ஹேண்டிகேப்புக்கு கார்டு போடுறேன், நீங்க மார்க்கரா இருங்க" என்று கூட ஆடுபவரிடம் சொல்லிவிடுங்கள் (மார்க்கர் என்பவர் உங்கள் ஸ்கோரை எழுதுபவர்). தனியாக ஆடிய கார்டு செல்லாது. கேடி (மட்டைப் பையைச் சுமப்பவர்) எண்ணிச் சொன்னாலும், ஒவ்வொரு ஹோல் முடிந்ததும் மார்க்கரிடம் எண்ணைச் சொல்லி எழுத வைப்பதே சரி. பதினெட்டும் முடித்து டீ குடிக்கும்போது நினைவுபடுத்தி எழுதும் கார்டில் ஐந்தாறு ஸ்ட்ரோக்காவது காணாமல் போயிருக்கும்.

கார்டுகள் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, அபராத ஸ்ட்ரோக். ஊட்டியில் மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் (gorse) எனும் முட்புதருக்குள் பந்து போனால் அநேகமாக ஆட முடியாது. ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தோடு இரண்டு கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) நீளத்துக்குள் டிராப் செய்யலாம் (பந்தைக் கையால் கீழே விட்டு ஆடலாம்), ஹோலில் நிற்கும் கொடிக்கு நேர்கோட்டில் பின்னால் போகலாம், அல்லது முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். ஆனால் பந்தைக் கண்டுபிடித்தால்தான் முதல் இரண்டும். தேட மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால், டீயிலிருந்து (ஹோலைத் தொடங்கும் இடம்) அடித்த பந்தென்றால் அங்கே திரும்பி மூன்றாவது ஸ்ட்ரோக்காக அடிக்க வேண்டும். சந்தேகம் வந்தவுடனே "ப்ரொவிஷனல் அடிக்கிறேன்" (தற்காலிக மாற்றுப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிட்டால், மேடேறித் திரும்பும் வேலை மிச்சம். தொலைந்த இடத்துக்கு அருகிலேயே இரண்டு அபராத ஸ்ட்ரோக்கோடு டிராப் செய்ய கோர்ஸ் கமிட்டியின் லோக்கல் ரூல் (அந்த இடத்துக்கான தனி விதி) அனுமதித்திருந்தால், அந்த ஸ்கோரும் ஹேண்டிகேப்புக்குச் செல்லும்.

இரண்டாவது, பட் (கிரீன் எனும், குழியைச் சுற்றிய புல்தரையில் பந்தை மெல்ல உருட்டும் அடி). "விடுங்க, உள்ள போயிடும்" என்று எதிராளி விட்டுக்கொடுப்பது மேட்ச் ப்ளேக்கு (ஹோல் ஹோலாக வெல்லும் ஆட்டம்) உரியது. ஸ்ட்ரோக் ப்ளே (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) கார்டுக்கு ஓரடி தூரத்திலுள்ள பந்தையும் தட்டி உள்ளே போட வேண்டும்.

ஒரே ஹோலில் 13, 14 ஆகிவிட்டால் கார்டைக் கிழிக்காதீர்கள். ஹேண்டிகேப் இல்லாதவருக்கு ஒரு ஹோலின் உச்சவரம்பு பார் கூட்டல் 5. பார் 4 என்றால் 9தான் கணக்கு. ஹேண்டிகேப் வந்தபின் வரம்பு பார் கூட்டல் 2, அதோடு அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரி (இவை எந்த மலைக் கோர்ஸின் எண்களும் அல்ல). கோர்ஸ் ரேட்டிங் (திறமையான ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கும் ஸ்கோர்) 69.2, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுதல் கடினம் என்ற அளவு) 121, பார் 70. நீங்கள் அடித்தது 101, 104, 108. ஸ்கோரிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113ஆல் (நிலையான ஸ்லோப் எண்) பெருக்கி, ஸ்லோப்பால் வகுத்தால் 29.7, 32.5, 36.2. மூன்றே கார்டு இருக்கும்போது மிகக் குறைந்ததை எடுத்து அதிலும் 2 கழிப்பார்கள். ஆக, இண்டெக்ஸ் (உங்கள் ஹேண்டிகேப் எண்) 27.7. இதே ஆள் இதே கோர்ஸில் ஆடினால், ரேட்டிங், ஸ்லோப், பார் கொண்டு அந்த எண்ணைக் கோர்ஸுக்கேற்ப மாற்றியபின் 29 ஸ்ட்ரோக் கிடைக்கும்: எல்லா ஹோலிலும் ஒன்று, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (ஹோல்களின் கடின வரிசை எண்) 1 முதல் 11 வரை கூடுதலாக இன்னொன்று. சமவெளியில் ரேட்டிங் 72.1, ஸ்லோப் 130, பார் 72 உள்ள கோர்ஸுக்கு இறங்கினால் அதே 27.7க்கு 32 கிடைக்கும். இண்டெக்ஸை அப்படியே எழுதிக்கொண்டு ஆடுபவர் மூன்று நான்கு ஸ்ட்ரோக்கைச் சும்மா இழக்கிறார்.

"மலையில் பந்து தூரம் போகுதே, ஸ்கோரைத் திருத்த வேண்டாமா?" என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். 2,000 அடிக்கு மேல் உள்ள கோர்ஸ்களுக்கு உயரத்தையும் சேர்த்தே ரேட்டிங் போடுகிறார்கள். திருத்த வேண்டியது கிளப் தேர்வை. 7,000 அடியைத் தாண்டிய உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், சமவெளியில் 140 யார்டு போகும் 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான மட்டை) அடி பத்து யார்டுக்குக் குறையாமல் கூடுதலாகப் போகும். பந்து தாழ்வான கோணத்தில் இறங்குவதால் கிரீனில் நிற்காமல் ஓடும். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் குளிர் அந்தக் கூடுதலில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். எனவே ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் ஒரே தூரத்தை நம்பக் கூடாது.

மூடுபனிதான் இங்கே பெரிய தொல்லை. மதியத்துக்குமேல் இறங்கினால் அடித்த பந்து விழுவதே தெரியாது. புதியவர்கள் மழைக்காலத்தில் ஒன்பது ஹோல் கார்டாகவே திட்டமிடுவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். 2024க்கு முன் இரண்டு ஒன்பதைச் சேர்த்து ஒரு பதினெட்டாக்கினார்கள்; இப்போது ஹேண்டிகேப் உள்ளவரின் ஒன்பது ஹோல் கார்டு தனியாகவே கணக்கில் சேரும்.

கொடைக்கானலில் காட்டெருமை ஃபேர்வேக்கு (டீக்கும் கிரீனுக்கும் இடையே வெட்டிய புல்தரை) வருவது வழக்கம். நின்றிருக்கும் பந்தை அது உதைத்துத் தள்ளினால் அபராதமில்லாமல் பழைய இடத்தில் வைத்து ஆடலாம். சாணத்தைப் பந்து அசையாமல் அகற்றலாம். கிரீனில் குளம்புத் தடத்தைச் சமன்படுத்தலாம். ஃபேர்வேயில் தடத்துக்குள் பந்து கிடந்தால் மட்டும், தனி லோக்கல் ரூல் இல்லாதவரை, கிடந்தபடிதான் ஆட வேண்டும். விலங்கு நகரும்வரை காத்திருங்கள். அதற்காக யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

எந்த எண் எந்த நிலை? 0 என்றால் ஸ்க்ராட்ச், அதாவது சலுகை அடிகளே தேவையில்லாதவர். அமெரிக்காவில் பதிந்த ஆண்களின் சராசரியே 14 அளவில்தான், பெண்களுடையது 28 அளவில். உச்சவரம்பு எல்லோருக்கும் 54. தொடக்கத்தில் 36, 40 வந்தால் அது முழுக்க இயல்பு. இருபது கார்டு சேரும்வரை எண் ஏறி இறங்கும். அதுவரை ஆடிய அன்றே, மோசமான கார்டையும் சேர்த்து, பதிந்துகொண்டே வாருங்கள்.