ப்ளெண்டரில் ஒரு கரணம்

நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களில் (கையும் காலும் உடம்பும் சேர்ந்த நடன அசைவுகள்) 81-ஐத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் சிவனே ஆடுகிறார். மீதி 27 கற்கள் செதுக்காமலே நிற்கின்றன. ஆனால் அவருக்கு நாலு கை. சிதம்பரம் கோபுரங்களில் ஆடுவது பெண்கள், இரண்டே கை. அதனால் சிதம்பரத்தைப் பிடித்துக்கொண்டேன். கோத்தகிரியில் உட்கார்ந்து, முப்பரிமாண அனிமேஷன் செய்யும் இலவச மென்பொருளான ப்ளெண்டரில் முதல் கரணம் தலபுஷ்பபுடத்தை ஆட வைப்பது என்று முடிவு.

கை சுலபம். இரண்டையும் சேர்த்துப் பூ ஏந்தும் பாவனையில் இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும், விலா வளைய வேண்டும். கால்தான் படுத்தியது. குதிகால் உயர்ந்து, கட்டைவிரல் நீண்டு, மற்ற விரல்கள் மடங்க வேண்டும். இந்தப் பாத நிலைக்கு அக்ரதலசஞ்சரம் என்று பெயர். ப்ளெண்டரோடு வரும் ரிகிஃபை என்ற, பொம்மையை அசைக்கும் எலும்புக்கூட்டிலோ ஐந்து கால்விரலுக்கும் சேர்த்து ஒரே எலும்பு! ஷூ போட்ட பொம்மைக்கு அது போதும். கட்டைவிரலுக்குத் தனி எலும்பு கொடுத்து, எந்த எலும்போடு தோல் எவ்வளவு நகர வேண்டும் என்று வெயிட் பெயின்ட் செய்தேன்.

அடுத்தது இடுப்பு. சிற்பத்தின் படத்தோடு முன்னாலிருந்து பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்தியது. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் இடுப்பு அந்தரத்தில். நிஜப் பெண் மல்லாக்க விழுந்திருப்பாள். புடைப்புச் சிற்பத்தில் ஆழம் கொஞ்சம்தான், சிற்பி உடம்பைத் தட்டையாக்கித்தான் ஆக வேண்டும்.

சரி, ஆடுகிறவரிடம் கேட்போம் என்று குன்னூரில் பரதம் சொல்லித்தரும் டீச்சரிடம் லேப்டாப்போடு போனேன். "தம்பி, அந்தக் கால்ல பாரமே இல்ல. இவ நிக்கல, தொங்குறா" என்றார். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, சில்லென்ற சிமென்ட் தரையில் வெறுங்காலோடு ஆடிக் காட்டினார். ஒரு போன் முன்னால், இன்னொன்று பக்கத்தில்.

கரணம் அசைவு, சிற்பம் அதில் ஒரு கணம் என்பதைத்தான் பரதக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் ஆய்ந்து ஆடியும் காட்டினார். மற்ற கணங்களைக் கணினியிடம் விட்டால் குறுக்கு வழியில் போகும். என் பொம்மையின் முழங்கை மார்புக்குள் புகுந்து வெளியே வந்தது. டீச்சருக்கோ கை கிளம்பும் முன்பே இடுப்பு நகர்ந்துவிடுகிறது. வீடியோவைப் பார்த்து, இடையிடையே உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று கீஃப்ரேம் வைத்த பிறகுதான் பாரம் தரையில் இறங்கியது. (1990-களில் அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் லைஃப்ஃபார்ம்ஸ் மென்பொருளில் புது அசைவுகளையே உருவாக்கி, அதை நடனக் கலைஞர்களை ஆட வைத்தார். பழைய நடனத்தை எடுத்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.)

கணினி சூடேறி ஒவ்வொரு படமாக வரைந்து தள்ளும் ரெண்டரிங்குக்கு மலைக்குளிர் லாபம்தான். ஆனால் ஜூலைக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே வாடிக்கை. வீடியோவாக எடுக்காமல் படம் படமாக, தனித்தனி பிஎன்ஜி கோப்புகளாக எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டீச்சருக்கு அனுப்பியாயிற்று. கால் சரியாம், கண் இன்னும் கையோடு போகவில்லையாம். அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கரணம் வர்த்திதம் அப்புறம்.