பறக்கும், ஆனால் முட்டை போடாது

தேரூரிலிருந்து நாகர்கோவிலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். சுசீந்திரம், இடலாக்குடி, கோட்டாறு வழி. கோட்டாறு பக்கம் காலையில் வண்டி நகராது. அந்த நேரத்தில் பிள்ளைகள் சும்மா இருக்குமா? சீட்டுக்குச் சண்டை, பென்சில் பாக்ஸுக்குச் சண்டை. அதை அடக்கத்தான் இந்த விளையாட்டை ஆரம்பித்தேன். இப்போது சுசீந்திரம் தாண்டுவதற்குள்ளேயே "மாமா, நினைச்சாச்சா?" என்று கேட்டுவிடுவார்கள்.

ஒருவர் ஒரு மிருகத்தையோ பறவையையோ பூச்சியையோ மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இருபது கேள்வி கேட்கலாம். பதில் ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதால் எனக்கும் வசதி.

புதிதாகச் சேருகிற பிள்ளை நேராகப் பெயரைத்தான் சொல்லும். "யானையா? புலியா? மயிலா?" பாதிக் கேள்வி அப்படியே தீர்ந்துவிடும். பெயர் சொல்லி 'இல்லை' வாங்கினால் ஒரே ஒரு மிருகம்தான் கழிகிறது. "முட்டை போடுமா?" என்று கேட்டால், எந்தப் பதில் வந்தாலும் ஒரு பெருங்கூட்டமே கழிந்துவிடும். இதை நான் விளக்கிச் சொல்வதில்லை. பெரிய பிள்ளைகள் கேட்பதைக் கேட்டுக் கேட்டுச் சின்னதுகள் தாமாகப் பிடித்துக்கொள்கின்றன. 'இல்லை' என்று சொன்னதும் முகம் வாடுகிற பிள்ளைக்கு மட்டும், "இல்லைன்னா நல்லதுதான மக்களே, எத்தனை கழிஞ்சு போச்சு பாரு" என்பேன். தப்பாகக் கேட்டுவிட்டோம் என்ற பயம் போனால்தான் அடுத்த கேள்வியை யோசிக்க முடியும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இதைக் கணக்காகவே போட்டுவிட்டாள். பதினாறு மிருகம் இருந்தால், ஒவ்வொரு கேள்வியும் சரிபாதியாகப் பிரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு கேள்வி போதும். 16, 8, 4, 2, 1. அப்படியென்றால் இருபது கேள்வியில்? இரண்டை இருபது தடவை பெருக்கினால் 10,48,576. "உலகத்துல உள்ள எல்லாத்துக்கும் போதுமா மாமா?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தோம். இதுவரை பெயர் வைக்கப்பட்ட விலங்கினங்கள் ஏறக்குறைய 15 லட்சம், அதில் பூச்சிகளே 10 லட்சம் அளவுக்கு. அப்போ இருபது பத்தாது. இன்னும் ஒரு கேள்வி சேர்த்தால் 20,97,152. போதும்! அவள் அன்றைக்கு முழுக்க இருபத்தொன்று, இருபத்தொன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை கால்?" என்று கேட்க முடியாது, ஆமாம்-இல்லை பதில் வராதே. அதை "நாலு காலுக்கு மேல இருக்கா?" என்று மாற்றத் தெரிந்த நாளில் ஒரு பிள்ளை நிஜமாகவே ஒரு படி ஏறிவிடுகிறது. யுகேஜி படிக்கிற குட்டி ஒன்று "நம்ம வீட்டுக்கு வருமா?" என்று கேட்டது. பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது அருமையான கேள்வியாகத் தெரிந்தது. பல்லி வரும், மழைக்குப் பாம்பும் வரும், அது கேட்க நினைத்தது ஆடு, மாடு, கோழியைப் பற்றி. பேசிப் பேசி "நாம வளர்க்கிறதா?" என்று அதன் வாயாலேயே கேள்வி திருந்தியது.

எனக்குப் பிடித்த இடம், வழக்கமான கூட்டத்துக்குள் அடங்காத உயிர்கள் வரும்போதுதான். "பறக்குமா?" ஆமாம். "முட்டை போடுமா?" இல்லை. வண்டியே அமைதியாகிவிட்டது. காக்கா, கொக்கு, தும்பி என்று வரிசையாக நினைத்திருந்ததெல்லாம் உடைந்து, கடைசியில் ஒரு குரல்: "வவ்வாலு!" பறக்கிற பாலூட்டி அது ஒன்றுதான். நீர்க்காகமும் இப்படிக் குழப்புகிற ஒரு பறவைதான், பறக்கவும் செய்யும், முங்கி மீனும் பிடிக்கும்.

மணக்குடியில் தாத்தா வீடு இருக்கிற ஒரு பையன் டால்பினை, அதாவது ஓங்கலை, நினைத்திருந்தான். "மீனா?" என்ற கேள்விக்கு இல்லை என்றான். எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் கத்தினார்கள். அவன் விடவில்லை. "ஓங்கல் மூச்சு விடத்தான மேல வருது? மீனு மூச்சு விட மேல வருமா?" தாத்தாவோடு வள்ளத்தில் போய்ப் பார்த்தவன். மீனின் வால் இடமும் வலமும் அசையும், டால்பினின் வால் மேலும் கீழும் அசையும் என்பதை நான் அப்புறம் சேர்த்துக்கொண்டேன்.

உண்மையில் நினைக்கிறவருக்குத்தான் பாடு அதிகம். கடலாமையை நினைத்த பிள்ளையிடம் "கரைக்கு வருமா?" என்று கேட்டபோது தடுமாறிவிட்டது. முட்டை போடப் பெண் ஆமை வரும்லா, ஆண் ஆமை? பிறந்து கடலுக்குள் போனபின் ஆண் அநேகமாகத் திரும்புவதே இல்லை. இதற்காக ஒரு விதி வைத்திருக்கிறோம். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்லலாம், அந்தக் கேள்வி கணக்கில் வராது, சாயங்காலம் திரும்பும்போது யாராவது விடை கண்டுபிடித்து வர வேண்டும். ஊகித்துப் பதில் சொல்வதற்கு மட்டும் அனுமதி கிடையாது.

படச் சார்ட்டில் சிங்கத்தையும் வரிக்குதிரையையும் காட்டினால் எல்லாப் பிள்ளையும் பெயர் சொல்லும். நம் சுசீந்திரம் குளத்தில் நிற்கிற கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் தெரியாது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, உலகமே மதிக்கிற இடம். அதை ஒட்டித்தான் தினமும் போகிறோம். அதனால் வாரத்தில் ஒரு நாள் நம் மாவட்டத்து உயிர்கள் மட்டும்: குளம், கடல், வயல், பேச்சிப்பாறைக் காடு.

வீட்டில் ஆடிப் பார்க்க நினைப்பவர்கள், மூன்று நான்கு வயதுப் பிள்ளை என்றால் எட்டு மிருகப் படத்தைத் தரையில் பரப்பி, பதில் வர வர படத்தைக் கவிழ்த்துக்கொண்டே போங்கள். கழிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அந்த வயதுக்கு. ஆறு ஏழு வயதானால் படமே வேண்டாம். பிள்ளை யோசிக்கும்போது நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் சரி.