என் தலைப்பெழுத்தும் அவருடைய குடும்பப் பெயரும்

திருமணப் பதிவு அலுவலகத்தில் கொடுத்த படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், திருமணத்துக்குப் பின் தம்பதியர் எந்தப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டு ஒரு கட்டம் இருந்தது. பிறந்த ஊர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம் முதலியவற்றையெல்லாம் ஒரே மாலையில் நிரப்பிவிட்ட நானும் அவரும், அந்த ஒரு கட்டத்தை மட்டும் ஏழு வாரம் வெறுமையாக வைத்திருந்தோம். நான் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். அவர் ஜெர்மனியின் வடமேற்கு மூலையில் கடலோரம் உள்ள கிழக்கு ஃப்ரீஸ்லாந்தைச் சேர்ந்தவர். இருவரும் பிரேமன் நகரில் வேலை பார்க்கிறோம். அந்த ஏழு வாரத்தில் நாங்கள் பேசியதையும் நான் தனியே யோசித்ததையும், இதே கேள்வியோடு நிற்கும் வேறு யாருக்காவது உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். இரு குடும்பத்தாரின் பெயர்களையும் முழுதாகச் சொல்லப் போவதில்லை. என் தலைப்பெழுத்து 'மு.' என்று தெரிந்தால் போதும்.

கணவரின் குடும்பப் பெயரை ஏற்பதா, என் குடும்பப் பெயரை வைத்துக்கொள்வதா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஆனால் எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. பள்ளிப் பதிவேட்டிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை 'மு.' என்ற எழுத்தும் அதை அடுத்து என் பெயரும் மட்டும்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் சிரமப்படுவாய் என்று தெரிந்தவர்கள் சொன்னதால், அந்த எழுத்தை விரித்து அப்பாவின் பெயரை அங்கே எழுதினோம். அது தவறான அறிவுரை என்று சொல்ல முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது நம் ஊர்க்காரர்கள் பலர் தவித்துப்போனார்கள். ஆனால் அந்த ஒரு கட்டத்தை நிரப்பியதால் என் அப்பாவின் பெயர் நான் வாழ வந்த நாட்டில் என் பெயராகிவிட்டது. வந்த புதிதில் ஒரு மருத்துவரின் காத்திருப்பு அறையில், திருமதி என்ற பொருள்படும் 'ஃப்ராவ்' என்ற சொல்லை முன்னால் சேர்த்து அப்பாவின் பெயரை உரக்க அழைத்தபோது, நான் எழுந்திருக்காமல் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா வந்திருப்பதுபோல ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அதன் பிறகுதான் அழைத்தது என்னை என்று விளங்கியது.

ஜெர்மன் தோழிகள் பெண்ணின் பிறந்த பெயரைப் பற்றிப் பேசும்போது, அவள் சொந்தப் பெயர் என்றே சொல்கிறார்கள். நம் வழக்கத்தில் அந்த இடம் முதலில் தந்தைக்கும் பிறகு கணவருக்கும் உரியது. என் பாட்டி தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தாத்தாவின் பெயரை உச்சரித்ததில்லை. குடும்ப அட்டைக்கு விவரம் கேட்க வந்தவரிடம் பெயர் சொல்ல வேண்டி வந்தபோது, பக்கத்தில் நின்ற என்னைச் சொல்லச் சொன்னார். வாயால் சொல்லக் கூடாத அந்தப் பெயரின் முதல் எழுத்துதான் அதே அட்டையில் பாட்டியின் பெயருக்கு முன்னால் நின்றது. இதைச் சிறுவயதில் நான் வியப்பாகக்கூட நினைக்கவில்லை. இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது.

அம்மாவின் கதை இன்னும் நுணுக்கமானது. எங்கள் வீட்டுப் பாத்திர அலமாரியில் அம்மாவுக்கு இரண்டு தலைப்பெழுத்துகள் உண்டு. தாய்வீட்டுச் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் தாத்தாவின் 'சு.', கல்யாணத்துக்குப் பின் வாங்கியவற்றில் அப்பாவின் 'மு.'. நான் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அம்மா கொடுத்தனுப்பிய தூக்குவாளியில் பழைய எழுத்துதான் இருக்கிறது. பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிய அந்த 'சு' வில், கொக்கியின் வளைவு முடியும் இடத்தில் ஊசி ஒருமுறை வழுக்கி ஒரு சின்னக் கீறல் விழுந்திருக்கிறது. தூக்குவாளியைத் தேய்க்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் அந்தக் கீறலில் போய் நிற்கும். அம்மாவின் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் 'சு.' தான். வங்கிக் கணக்கில் 'மு.'. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சான்று வாங்க ஒரு கோடைகாலம் முழுக்க அம்மா அலைந்ததை நான் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். திருமணமானால் பெண் பெயரை மாற்றத்தான் வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவிடம் அப்படி ஒரு தேர்வு இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த 'மு.' என்ற எழுத்தை நான் ஏன் விட மறுத்தேன் என்ற கேள்வி வரும். அப்பாவின் பெயரைப் பிடித்துக்கொள்வதும் ஓர் ஆணின் பெயரைச் சுமப்பதுதானே, அதற்குக் கணவரின் பெயரே மேல் அல்லவா என்று என் நெருங்கிய தோழி ஒருத்தி கேட்டாள். குடித்துவிட்டு வந்து அடித்த தந்தையின் பெயரைத் தன் பெயரோடு இழுத்துக்கொண்டு திரிந்தவள் அவள். திருமணமான மறுமாதமே மகிழ்ச்சியோடு அதை உதறினாள். அவள் செய்தது முற்றிலும் சரி. ஆனால் எனக்குள் இருந்த காரணம் வேறு, அதை எனக்கே தெளிவாக்கியது ஒரு பழைய பத்திரம்.

ஊரில் நிலம் சம்பந்தமாக அப்பா அனுப்பிய படங்களில் கொள்ளுத்தாத்தாவின் கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது. அதில் அவர் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. விற்றவர், வாங்கியவர், சாட்சி போட்டவர் என்று பட்டம் இல்லாத ஒரு பெயர்கூட அந்தப் பத்திரத்தில் இல்லை. அடுத்த தலைமுறைப் பத்திரத்தில் என் தாத்தாவின் கையெழுத்து வருகிறது, தலைப்பெழுத்தும் பெயரும் மட்டும். இந்த இரண்டு பத்திரங்களுக்கு இடையில்தான் 1929 பிப்ரவரி இருக்கிறது. செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, தன் பெயரிலிருந்த பட்டத்தையும் நீக்கிக்கொண்ட டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் எங்கள் பக்கத்துப் பட்டிவீரன்பட்டிக்காரர். இந்தியாவின் பல மாநிலங்களில் ஒருவரின் குடும்பப் பெயரைக் கேட்டதுமே சாதியைக் கணித்துவிட முடியும்போது, என்னை என் ஆசிரியர்களும் சக மாணவர்களும் வெறும் 'மு.' வோடு அறிந்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் பெயர் தெரிந்த, தெரியாத பலருடைய உழைப்பு இருக்கிறது. என் தலைப்பெழுத்து எந்தக் குலத்தையும் சொல்லாது. ஒரு மனிதரைச் சொல்லும். அவருடைய மகள் நான் என்று சொல்லும். என்னோடு முடிந்தும்போகும்.

இதை என் கணவராக வரவிருந்தவரிடம் விளக்கியபோது முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. ஜெர்மனியில் குடும்பப் பெயர் என்பது தலைமுறை தலைமுறையாக நிற்பது. முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர், ஷ்மிட் என்றால் கொல்லர், வேபர் என்றால் நெசவாளர். தொழில் போய்ப் பல நூறு ஆண்டுகள் ஆனாலும் பெயர் போவதில்லை. பெண் விஷயத்தில் அங்கே நடந்த போராட்டமும் சின்னதல்ல. 1976-இல் மனைவியின் பெயரையும் பொதுப் பெயராகத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் வந்தது. ஆனால் இருவரும் எதையும் சொல்லாவிட்டால் கணவரின் பெயரே பொதுப் பெயராகிவிடும் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. அந்த விதி சமத்துவத்துக்கு எதிரானது என்று கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் 1991-இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், ஒருமித்த முடிவு இல்லையென்றால் அவரவர் பெயர் அவரவருக்கே என்ற நிலை வந்தது.

என் மாமியாருக்கு 1979-இல் திருமணம். அவர் வீட்டுக்குப் போனால் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து முறைப்படிதான் தேநீர். கோப்பையின் அடியில் பெரிய கற்கண்டுத் துண்டைப் போட்டுச் சூடான தேநீரை ஊற்றினால், கற்கண்டு மெல்லிய சத்தத்தோடு வெடிக்கும். பாலேட்டைக் கரண்டியால் ஓரமாக விடுவார், அது மேகம்போல மேலெழும். கலக்கக் கூடாது. மூன்று கோப்பை குடிப்பதுதான் மரியாதை. அப்படி ஒரு மாலையில், பெயர் விஷயம் பேச்சில் வந்ததும் மாமியார் எழுந்து போய், மடித்து வைத்த பழைய கைத்துண்டு ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். கனமான லினன் துணி, மூலையில் சிவப்பு நூலால் குறுக்குத் தையலில் இரண்டு எழுத்துகள். திருமணத்துக்கு முன் அவருடைய அம்மா சீருக்காகத் தைத்துக் கொடுத்ததாம். அந்த இரண்டாவது எழுத்தைத் தான் அதன் பிறகு எழுதியதே இல்லை என்றார். எந்தப் பெயர் வேண்டும் என்று தன்னிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை என்றும் சொன்னார். அம்மாவின் தூக்குவாளியைப் பற்றி நான் சொன்னேன். மாமியார் சற்று நேரம் பேசாமலிருந்து, அந்த 'சு' எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டச் சொன்னார். செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். (பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை. இங்கே மருமகள்கள் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் தமிழில் 'அத்தை' என்றே அழைக்கிறேன், அவருக்கும் அது பிடித்துவிட்டது.)

இதற்குள் அத்தையின் மகன் தன் பெயரைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்வரை நிலையான குடும்பப் பெயர் பரவலாக இல்லை. யானின் மகன் ஹின்ரிச் என்றால் ஹின்ரிச் யான்சென், அவனுடைய மகன் கெர்ட் என்றால் கெர்ட் ஹின்ரிச்ஸ். தந்தையின் பெயரைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் தாங்கியது. அந்தப் பகுதி பிரெஞ்சுப் பேரரசோடு இணைக்கப்பட்டிருந்தபோது, 1811-இல் நெப்போலியனின் ஆணை, எல்லோரும் மாறாத ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. மக்கள் உடனே பழக்கத்தை விட்டுவிடவில்லை. ஆனாலும் காலப்போக்கில், கைவசம் இருந்த தந்தை பெயர்களே நிலைத்துப்போயின. என் கணவரின் குடும்பப் பெயரும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஏதோ ஒரு தாத்தாவுக்குத் தாத்தாவின் தலைப்பெழுத்து, ஓர் ஆணையால் உறைந்துபோய் இவர் வரை வந்திருக்கிறது. அதை அறிந்த இரவு அவர் என்னிடம், உன் வழக்கம் எனக்கு அந்நியம் என்று நினைத்தேன், எங்கள் வழக்கத்தைத்தான் நாங்கள் மறந்திருக்கிறோம் என்றார். எங்கள் பேச்சு அன்றிலிருந்து வேறு தளத்துக்குப் போனது.

2025 மே 1 அன்று ஜெர்மனியில் பெயர்ச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்ததால் எங்கள் முன் தேர்வுகள் கூடியிருந்தன. தம்பதியர் இருவருமே இரு பெயர்களையும் சேர்த்து இரட்டைப் பெயராக வைத்துக்கொள்ளலாம், இடையில் சிறுகோடு போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம். அவர் இதைத்தான் முதலில் விரும்பினார். நான் இரண்டு நாள் யோசித்து வேண்டாம் என்றேன். அப்பாவின் பெயர் அந்த இரட்டைப் பெயரில் ஏறினால், அது பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் போகக்கூடிய குடும்பப் பெயராக உறைந்துவிடும். என் தாத்தா கழற்றி வைத்த இடத்தில் நான் புதிதாக ஒன்றை மாட்டுவதுபோல அது எனக்குப் பட்டது. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, தன் பெயர் ஜெர்மனியில் தலைமுறையாக நிற்கும் என்பதில் அவருக்கு ஒரு கணம் ஆசை எழுந்தது குரலில் தெரிந்தது. பிறகு, நீ என் மகள் என்று தெரிந்தால் போதும் என்றார்.

கணவரின் பெயரை ஏற்பதற்கும் நல்ல காரணங்கள் இருந்தன. ஒரே பெயரோடு ஒரு குடும்பம் என்ற உணர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை, அத்தைக்கு அந்த ஆசை இருந்ததும் எனக்குத் தெரியும். பாஸ்போர்ட், விசா, பட்டச் சான்றிதழ், ஆதார் என்று மாற்ற வேண்டிய ஆவணங்களின் வரிசை நீளம்தான். ஆனால் ஆவணச் சிரமத்துக்குப் பயந்து இப்படி ஒரு முடிவை எடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். மனம் அவர் பெயரைக் கேட்டிருந்தால் எல்லா வரிசையிலும் நின்றிருப்பேன். கேட்கவில்லை. அவர் மீதுள்ள அன்பு என் பெயரின் எந்த எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை.

ஏழாம் வாரத்தில், அவரவர் பெயர் அவரவருக்கு என்று எழுதிக் கொடுத்தோம். பதிவு நாளில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, பள்ளியில் பழகியபடி 'மு.' என்று தொடங்கித் தமிழில் போட்டேன். அலுவலர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பொதுப் பெயர் வேண்டும் என்று மனம் மாறினால் பின்னாளிலும் வந்து அறிவிக்கலாம் என்று அவர் சொன்னது அத்தைக்குத்தான் ஆறுதலாக இருந்தது.

வரும் ஏப்ரலில் எங்களுக்குக் குழந்தை பிறக்க இருக்கிறது. புதிய திருத்தத்தில் ஃப்ரீசிய மக்களுக்கென ஒரு பிரிவு உண்டு, அவர்கள் பழைய வழக்கப்படி தாய் அல்லது தந்தையின் பெயரிலிருந்தே பிள்ளைக்குப் பெயர் அமைக்கலாம். அவர் சில நாட்களாக என் பெயரின் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்து, எங்கள் பிள்ளையின் குடும்பப் பெயராக அது எப்படி ஒலிக்கும் என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். அப்பாவின் பெயரோ கணவரின் பெயரோ இல்லாமல், என்னை என் அம்மா அழைக்கும் பெயர் இன்னொருவரின் பெயருக்குப் பக்கத்தில் நிற்பதை முதல் முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் முடிவு செய்யவில்லை. திண்டுக்கல்லில் அம்மா வெள்ளியில் ஒரு பாலாடை வாங்கி வைத்துவிட்டார். தலைப்பெழுத்து என்ன வெட்டச் சொல்வது என்று வாரம் தவறாமல் கேட்கிறார். ஏப்ரல் வரை கடைக்காரரிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.