பினாங்கு வாடகை மோட்டாரும் பாலிக் பூலாவ் லக்சாவும்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய்வந்த செலவுக் கணக்கைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அங்கே எடுத்த வாடகை மோட்டார் சைக்கிள் மேல் உள்ள கடுப்பு இன்னும் தீரவில்லை, அதையே முதலில் கொட்டிவிடுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து ஃபெர்ரி. மிச்சம் பிடித்தது அத்தோடு சரி. ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடுகிற 150 சிசி இன்ஜெக்‌ஷன் மோட்டார், நாளுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்).

பெரிய சாலையில் குறையே இல்லை. லிட்டில் இந்தியாவுக்குள் நுழைந்ததும் ஆட்டம் ஆரம்பம். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கம் ஊர்ந்து போகிற கூட்டத்தில் திராட்டலை (ஆக்சிலரேட்டர் கைப்பிடியை) மூடித் திறந்தால் போதும், வண்டி ஒரு குதி குதிக்கும். முன்னால் பூக்கூடையோடு ஒரு அம்மா. வயிறு கலங்கிவிட்டது.

கடைக்குப் போன் போட்டால், "இன்ஜெக்‌ஷன்னா அப்படித்தான் பாஸ்" என்றார்கள். பாதி உண்மை, பாதி புருடா. திராட்டலை முழுசாக மூடினால் ஈசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும், திறந்ததும் மறுபடி விடும். அந்த நேரம் லேசாக ஒரு இழுப்பு இருக்கும்தான். ஆளைத் தூக்கிப் போடுகிற அளவுக்கு இருக்காது.

தெலுக் பஹாங் அணைக்கு மேலே உள்ள வளைவுகளில் இன்னும் மோசம். பாலிக் பூலாவ் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கண்ணில் பட்ட ஒரு தமிழ் அண்ணன் பட்டறையில் வண்டியை நிறுத்தினேன்.

கம்ப்யூட்டர் எதையும் அவர் மாட்டவில்லை. கைப்பிடியை இரண்டு விரலால் திருகினார். "சும்மாவே சுத்துது பாரு தம்பி. கேபிள்ல ஒரு சில மில்லிமீட்டர்தான் தொய்வு இருக்கணும்." அடுத்து செயினை நடுவில் விரலால் தூக்கிக் காட்டினார், அதுவும் தொளதொள. கேபிள் தொய்வு, செயின் தொய்வு இரண்டும் சேர்ந்துதான் அந்தக் குதி.

இன்ஜினுக்குக் காற்றை விடும் திராட்டல் பாடியைத் திறந்தால் தகட்டின் ஓரம் முழுக்கக் கரி. அது படிந்தால் குறைந்த வேகத்தில் காற்று சரியாகப் போகாது. கிளீனர் அடித்துத் துணியால் துடைத்தார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு அதை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரைச் சுற்றி அதே கிளீனரைக் கொஞ்சம் அடித்துப் பார்த்தார். சத்தம் மாறவில்லை, அதனால் காற்றுக் கசிவு இல்லை. இன்ஜின் விளக்கும் எரியாததால் சென்சாரைத் தொடவே இல்லை. வண்டி நன்றாகச் சூடான பிறகுதான் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) பார்த்தார். மொத்தம் 30 வெள்ளி. புது சென்சார் மாற்றச் சொல்லி என் தலையில் மிளகாய் அரைத்திருக்கலாம், அவர் செய்யவில்லை.

"பசியாறிட்டியா?" என்று கேட்டு லக்சா என்கிற நூடுல்ஸ் குழம்புக் கடைக்கும் வழி சொன்னார். அதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது! மீனை உதிர்த்துப் போட்ட புளிக் குழம்பு, இஞ்சிப்பூ வாசம், கரண்டியில் தனியாகத் தரும் கறுப்பு இறால் விழுது. அதை முழுசாகக் கலக்காமல் வாய்க்கு வாய் தொட்டுச் சாப்பிட வேண்டும். தேங்காய்ப்பால் லக்சாவும் அங்கேயே உண்டு, எனக்குத் திகட்டியது. புளி லக்சாவை இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன், பட்ஜெட்டாவது மண்ணாங்கட்டியாவது.

திரும்பும் வழியில் அதே வளைவுகள், அதே வண்டி, ஒரு குதி இல்லை. கடையில் பட்டறை ரசீதை நீட்டினேன், "நாங்க சொல்லலையே" என்று கைவிரித்தார்கள். போதாததற்கு வண்டி அழுக்கு என்று டெபாசிட்டில் 20 வெள்ளி பிடித்தம் வேறு. வாடகைக்கு எடுக்கிறவர்கள் பணம் கட்டும் முன் கைப்பிடியைத் திருகி, செயினைத் தூக்கிப் பாருங்கள். செலவுக் கணக்கு அடுத்த பதிவில்.