ஆமாங்கம்மா, கட்டாயம்

2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போயிருந்தேன். முகக்கவசம், வாக்காளர் கைக்குப் பாலிதீன் உறை, ஓடாத ஒரு மின்விசிறி, இதெல்லாம் தேர்தல் வேலைக்குப் போனவர்களுக்குப் பழகிய கதை. நான் சொல்ல வந்தது அன்று மாலை நான்கு மணிவாக்கில் என் வாயிலிருந்து வந்த ஒரு பதிலைப் பற்றி.

எழுபது வயதைத் தாண்டிய அம்மா. 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கைரேகை வைத்தாயிற்று, விரலில் மை வைத்தாயிற்று, மூன்றாவது அலுவலர் சீட்டை வாங்கிக்கொண்டு கன்ட்ரோல் யூனிட்டில் ஓட்டுப் போட மெஷினைத் தயாராக்கும் பேலட் பட்டனையும் அழுத்திவிட்டார். அந்த அம்மா மறைப்புக்குள் போகாமல் நேராக என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"அம்மிணி, பையன் ரெண்டு கட்சிக்காரருகிட்டயும் காசு வாங்கிப்போட்டானுங்க. நா யாருக்குன்னு போடறது? போடாம போயிட்டா ஒருத்தருக்கும் துரோகமில்லீங்களே. போட்டே ஆகோணுமுங்களா?"

"ஆமாங்கம்மா, கட்டாயம்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் "நூறு சதவீதம் வாக்களிப்போம்" என்று பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் கூட்டிப்போய்க் கத்திக் கத்திப் பழகிய வாய். ஆனால் எனக்குத் தெரியும், கட்டாயம் இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு ஒருவர் ஓட்டுப் போட மறுத்தால் விதி 49-ஓ இருக்கிறது: பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே நான் ஒரு குறிப்பு எழுதி, அவரிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு அனுப்பிவிட வேண்டும், காத்திருக்கும் மெஷினில் வரிசையில் அடுத்து நிற்பவர் போட்டுக்கொள்ளலாம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான், ஐந்து நிமிட வேலை. வெளியே வரிசை நீண்டிருந்தது, கட்சி ஏஜென்டுகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிதாகத் தெரிந்தது.

நான் அவரைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்றும் சில நாள் தோன்றும். 49-ஓ போட்டால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், காசு வாங்கியும் கிழவி போடவில்லை என்று இருட்டுவதற்குள் ஊருக்கே தெரியும். 2013-ல் உச்ச நீதிமன்றம் 'யாருக்கும் இல்லை' என்ற நோட்டா பட்டனைக் கொடுக்கச் சொன்னதே இந்த ரகசியப் பிரச்சினைக்காகத்தானே. சரி, நல்ல காரணம்தான், ஆனால் அது எனக்கு உதித்தது மறுநாள் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில். அந்த நிமிடத்தில் உதித்திருந்தால் கடைசி பட்டன் ஒன்று இருக்கிறது என்றாவது அவர் காதில் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்வது எனக்குச் சரியா என்பது வேறு விஷயம், குறிப்பிட்ட பட்டனைச் சொல்லும் அலுவலரை எந்த ஏஜென்ட் சும்மா விடுவார்?

இதில் இன்னொன்று. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் நானே ஓட்டுப் போடவில்லை. தபால் ஓட்டு கையில் வந்தது. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று கைப்பையில் வைத்தேன், வாக்கு எண்ணிக்கை முடிந்து பையைத் தட்டும்போது அகப்பட்டது. யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.

ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தால் நான் எப்போதும் ஓட்டுப் போடுவதைக் கட்டாயமாக்கணும் என்ற கட்சிதான். ஆஸ்திரேலியாவில் 1924-லிருந்தே இருக்கிறது, போடாவிட்டால் 20 டாலர் அபராதம், என்ன குறைந்துபோனார்கள் என்பேன். குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்டாயம் என்று 2009-ல் சட்டம் நிறைவேற்றி, ஆளுநர் ஒப்புதல் 2014-ல்தான் வந்து, 2015-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டதை யாராவது சொன்னால் கோபம்கூட வரும். இப்போதும் மத்திய சென்னையில் 2024-ல் 54 சதவீதம்தான் என்று படித்தால் அபராதம் போட்டால்தான் வருவார்கள் என்று வாயில் வந்துவிடுகிறது. அப்புறம் அந்த அம்மா நினைவுக்கு வருகிறார். சோம்பலில் வீட்டில் படுத்திருந்தவர் இல்லை, வெயிலில் வந்து வரிசையில் நின்று, போடாமல் போவதுதான் நியாயம் என்று முடிவெடுத்து வந்தவர். அன்று அந்தச் சாவடியில் அவ்வளவு யோசித்து வந்தவர் வேறு யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் 2019-ன் நானும் ஒரே கணக்கில்தான் வருவோம்.

போலிங் முடிந்து ஓட்டுக் கணக்குப் படிவமான 17சி எழுதும்போது, 49-ஓ-வின்படி வாக்களிக்காதவர்கள் என்ற வரிசை வந்தது. பூஜ்யம் என்று எழுதினேன். கணக்கு சுத்தமாக ஒத்துப்போனது.

அவர் மறைப்புக்குள் வெகுநேரம் நின்றார். உதவிக்கு ஆள் வேண்டுமா என்று மூன்றாவது அலுவலர் என்னைப் பார்த்தார், அதற்குள் பீப் சத்தம் வந்துவிட்டது. வெளியே வந்து உறையைக் கழற்றித் தொட்டியில் போட்டவர், மறுபடியும் என் மேசைப் பக்கம் வந்தார்.

"அப்ப இன்னொருத்தரு காச திருப்பிக் குடுத்தரட்டுங்களா, அம்மிணி?"

காதில் விழாத மாதிரி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு, "அடுத்து வாங்க" என்றேன்.