சனிக்கிழமை இரவு எட்டு மணி

ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றத்துக்கு விடுமுறை, ரிமாண்டுக்கு, அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவு பெறுவதற்கு, விடுமுறை கிடையாது. நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) வீட்டு வாசலில், இரண்டு காவலர்களுக்கு நடுவே அந்த இளைஞர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இலவச சட்ட உதவியில் ரிமாண்ட் வழக்கறிஞராக நான் சேர்ந்து அப்போது மூன்று மாதம்.

கைதுக் குறிப்பில் 'சனிக்கிழமை இரவு எட்டு மணி' என்று இருந்தது.

"எப்போது தம்பி கூட்டிப்போனார்கள்?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி சார். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார்."

கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. கல்லூரியில் அதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். வெள்ளியைச் சனி என்று எழுதிவிட்டால் அந்தப் பிரிவு மீறப்பட்டதாகவே தெரியாது என்பதை வாசலில்தான் கற்றேன்.

இதைத் தடுக்கத்தான் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. காவல் மரணங்கள் பற்றி 1986-இல் எழுதப்பட்ட ஒரு கடிதமே அங்கே மனுவானது. தீர்ப்பு வர 1996 ஆகிவிட்டது. கைதுக் குறிப்பில் தேதி, நேரம், கைதானவரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். குடும்பத்தினரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். எங்கள் குறிப்பிலும் சாட்சி இருந்தார், காவல் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். அவர் பெயரை முன்பே நாலைந்து குறிப்புகளில் பார்த்திருக்கிறேன்.

"போலீஸ் அடித்தார்களா?" என்று நடுவர் கேட்டார். இளைஞர் பக்கத்தில் நின்ற காவலரைப் பார்த்தார். "இல்லை ஐயா."

காவலர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லும்படி வேண்டினேன். குரல் நடுங்கியது, மறைப்பானேன். நடுவர் ஒரு நொடி யோசித்து, அவர்களைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். மறுபடி கேட்டபோது அடி பற்றி இளைஞர் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொன்னார். நடுவர் அதைத் தம் கைப்படப் பதிவு செய்தார், மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார், சிறைக்கும் அனுப்பினார். ஜாமீன் கிடைக்க இன்னும் ஒன்பது நாள் ஆனது.

"ஒருநாள் முன்னே பின்னே போட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம், வக்கீல் சார்?" என்று அந்த நிலையத்து எஸ்.ஐ. பிறகு வருத்தத்தோடுதான் கேட்டார். அடுத்து அங்கிருந்து வந்த குறிப்பில் நேரம் சரியாக இருந்தது. சாட்சி அதே டீக்கடைக்காரர்.